மாடி பஸ்ஸில் முன்சீட்டு

மோகன்ராஜ் வாயில் முதலில் வருகிற விலை ஒருநாளும் அவர் மனதில் இருக்கிற விலை அல்ல. இது கும்மிடிப்பூண்டி பஜாரில் எல்லோருக்கும் தெரியும். கையுறை, ஹெல்மெட், இரும்பு மூக்கு வைத்த ஷூ என்று சிப்காட் கம்பெனி ஆட்களுக்கு வேண்டிய சாமான்களை விற்கிற கடை அவருடையது. ஒரு ஜோடி ஷூவை டப்பாவிலிருந்து எடுக்கும்போதே விலையை மொட்டை மாடியில் கொண்டுபோய் வைப்பார். வாங்க வந்தவர் கிணற்றுக்குள் இருந்து ஆரம்பிப்பார். டீ ஆறுவதற்குள் இருவரும் தரையில் சந்தித்து, கைகுலுக்காத குறையாகப் பிரிவார்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு பேருக்கும் வழி தெரிந்த விளையாட்டு. எவனாவது முதல் விலைக்கே சரி என்று தலையாட்டிவிட்டால்தான் மோகன்ராஜுக்குச் சந்தேகம் வரும். ஒன்று, அவன் காசு கொடுக்கப் போகிறவன் இல்லை. அல்லது, இவர் குறைத்துச் சொல்லிவிட்டார்.

ஷட்டரை இறக்கினால் இந்தப் பழக்கமும் இறங்கிவிடும் என்று நினைத்தால் தவறு. வீட்டில் இரண்டு தோசை வேண்டுமென்றால் நான்கு கேட்பார். மாவு தீர்ந்துபோச்சு, ஒன்றுதான் வரும் என்பாள் கல்பனா. தட்டில் இரண்டு வந்து விழும். அவளும் லேசுப்பட்டவள் அல்ல. பொன்னேரியில் வெங்காய மண்டி வைத்திருந்தவரின் மகள். அவர்கள் கல்யாணத் தேதியே அப்படி முடிவானதுதான். மாப்பிள்ளை வீட்டார் தை என்றார்கள், பெண் வீட்டார் ஆவணி என்றார்கள், வைகாசியில் தாலி ஏறியது.

இந்த வருஷம் கையுறை கம்பெனிக்காரர்கள், நிறைய விற்ற கடைக்காரர்களுக்குப் பரிசு என்று சொல்லி, சிங்கப்பூருக்கு இரண்டு விமான டிக்கெட்டும் நான்கு பகலுக்கு ஓட்டல் அறையும் கொடுத்தார்கள். கொண்டுபோய்த் தங்கவைப்பது மட்டும் அவர்கள் பொறுப்பு. சுற்றிப் பார்ப்பது அவரவர் பாடு.

டாக்ஸி வேண்டாம், பஸ்ஸும் ரயிலும்தான் என்பதில் மோகன்ராஜ் ஆரம்பத்திலேயே உறுதியாக இருந்தார். அங்கே டாக்ஸிக்காரரிடம் பேரம் பேச முடியாதாம், தொகை முன்னாலேயே போனில் வந்துவிடுமாம். பேரம் பேசாமல் ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்தால் வழி முழுக்க ஏமாந்த மாதிரியே இருக்கும். பஸ் என்றால் ஏறுகிற எல்லோருக்கும் ஒரே கணக்கு, ஏமாந்தாலும் ஊரோடு சேர்ந்து ஏமாறலாம்.

அந்த ஊர் பஸ்ஸைப் பற்றி அவருக்குச் சொன்னவன் ஸ்டீபன். பத்து வருஷம் அங்கே கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்துவிட்டுத் திரும்பி, இப்போது சிப்காட்டில் வேலை பார்க்கிறான். சிங்கப்பூர் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், வாங்க வந்த சாமானை மறந்துவிடுவான். ஒருநாள் தன் போனில் ஒரு படம் ஓட்டிக் காட்டினான். மாடி பஸ்ஸின் மேல்தட்டு. முன்கண்ணாடியை ஒட்டி இரண்டே பேர் உட்காருகிற சீட்டு. டிரைவர் கீழே எங்கேயோ இருக்கிறார். எதிரே கண்ணாடி முழுக்க ஊர் வந்துகொண்டே இருக்கிறது. மரக்கிளைகள் கண்ணாடியைத் தடவிவிட்டுப் பின்னால் போகின்றன.

மோகன்ராஜ் ஊரைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு பேர் சீட்டைத்தான் பார்த்தார்.

கடையில் அவர் உள்ளே கல்லாவில்; கல்பனா வாசலில், சாம்பிள் தொங்குகிற கயிற்றுக்குக் கீழே, ரோட்டைப் பார்த்தபடி. கல்யாணமானதிலிருந்து பகல் வெளிச்சத்தில் அவர் அதிகம் பார்த்திருப்பது அவள் முதுகைத்தான். சரக்கெடுக்கப் பட்டணத்துக்குப் போனால் லோக்கல் ரயிலில் அவள் லேடீஸ் பெட்டி, அவர் ஆண்கள் தொங்குகிற பெட்டி. வேன் பிடித்துக் கோயிலுக்குப் போனால் டிரைவர் தூங்காமல் இருக்கப் பேச்சுக் கொடுப்பதற்கு அவர் முன்னால் போய்விட வேண்டும். பைக்கில் அவள் பின்னால் உட்காருவாள். நடுவில் எப்போதும் ஒரு கையுறைக் கட்டு இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இறங்குகிற அவசரமில்லாமல், எதையும் விற்காமல், ஒரு பகல் முழுக்க அவளோடு போக வேண்டும். சிங்கப்பூரிடமிருந்து மோகன்ராஜுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் அவ்வளவுதான் என்று ஒரு வியாபாரி முதலிலேயே எப்படிச் சொல்வார்? ஒரு பகல் வேண்டும் என்று கேட்டால் கால் பகல்தான் கிடைக்கும். கல்பனா அடித்துப் பேசுவாள். ஆகவே அவர் தன் வழக்கப்படி விலையை மொட்டை மாடியில் வைத்தார். ஸ்டீபன் சொன்ன இடம், சொல்லாத இடம், போனில் பார்த்த இடம் எல்லாவற்றையும் சேர்த்து நான்கு பகலுக்கும் ஒரு திட்டம் போட்டார். விடிந்ததும் தண்ணீர் துப்புகிற சிங்கச் சிலை. அங்கிருந்து ரயில் மாறிப் பெரிய தோட்டம். அப்புறம் சைனா டவுன், லிட்டில் இந்தியா. மறுநாள் மிருகக்காட்சி சாலை, பறவைப் பூங்கா, இருட்டுவதற்குள் செந்தோசாத் தீவு. கல்பனா வெட்டித் தள்ளுவதற்கு வசதியாக ஒரு மியூசியத்தையும் நடுவில் சொருகினார். அதற்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. இதில் பாதியை அவள் அடிப்பாள், மீதியில் பாதியை இவர் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுப்பார், கடைசியில் மிஞ்சுகிற இடத்தில் மாடி பஸ்ஸை மெதுவாக உள்ளே விடலாம் என்பது கணக்கு.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, திட்டத்தை எழுதிய தாளை அவளிடம் கொடுத்தார். கல்பனா கைகழுவிவிட்டு வந்து, முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தாள். மோகன்ராஜ் மோரைக் குடித்துக்கொண்டே அவள் முகத்தைக் கவனித்தார்.

"நல்லாக்குதுங்க," என்றாள். "அப்டியே பண்ணிடலாம்."

மோர் புரைக்கேறியது. "எல்லாமா?"

"எல்லாந்தான். ஏன், எதனா உட்டுப்போச்சா?"

அன்று சாயங்காலம் கடையில் ஒருவன் இரண்டு ஷூ டப்பாக்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு போனான். மோகன்ராஜின் மனம் வியாபாரத்தில் இல்லை. கல்பனா என்ன விளையாட்டு விளையாடுகிறாள் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவளுடைய அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சொன்ன விலைக்குச் சரி என்று சொல்லிவிடுவார். மூட்டையை வண்டியில் ஏற்றும்போது இது அழுகல், அது ஈரம் என்று ஒவ்வொன்றாகக் கழிப்பார். கல்பனாவும் ஏற்றும்போது கழிக்கப் போகிறாள் என்று முடிவு செய்து, வாயைத் திறக்காமல் காத்திருந்தார்.

அவள் கழிக்கவில்லை. கடைச் சரக்கிலிருந்து, பெண்கள் போடுகிற எடை குறைந்த ஷூ ஒன்றை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு, காலையில் பைபாஸ் வரைக்கும் வேகமாக நடந்துவிட்டு வர ஆரம்பித்தாள். திரும்பி வரும்போது மூச்சு வாங்கும், முகம் சிவந்திருக்கும். இன்னாத்துக்கு இந்த வேலை என்று கேட்டால், அங்க நிறைய நடக்கணும் இல்ல என்பாள். மோகன்ராஜுக்குத் திகில் ஏறியது. எதிராளி இவ்வளவு தூரம் போய் நடிப்பதை அவர் எந்த பேரத்திலும் பார்த்ததில்லை.

கடைசியில் ஸ்டீபனைப் பிடித்தார். கல்பனா சாப்பாடு எடுத்து வர வீட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, விஷயத்தைச் சொன்னார். தன் ஆசையைச் சொல்லவில்லை. திட்டம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்று மட்டும் சொன்னார்.

"அண்ணிகிட்ட நேரா சொல்லிட வேண்டியதுதான ணா," என்றான் ஸ்டீபன். "இதுக்குப் போயி இன்னா பேஜாரு?"

"நேரா சொன்னா நான் எறங்கி வந்ததா ஆயிடும்டா. நீ ஒண்ணு பண்ணு. அங்க ரயிலு மாறுறது எவ்ளோ கஷ்டம், எவ்ளோ நடக்கணும், அத்த எடுத்து வுடு. அவளே வாணாம்னு சொல்லட்டும்."

ஸ்டீபன் நல்ல பையன். கல்பனா வந்ததும் ஆரம்பித்தான். பூமிக்கடியில் போகிற ரயில், ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாற நடந்துகொண்டே இருக்க வேண்டும், நகரும் படிக்கட்டு நம் ஊர் மாதிரி இல்லை, காலை வைப்பதற்குள் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று கண்ணை உருட்டிச் சொன்னான். கல்பனா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எந்த இடத்தில் மாறினால் நடை குறையும் என்று கேட்டாள். ஸ்டீபன் சொன்னான். ஏறும்போதும் இறங்கும்போதும் கார்டைத் தட்ட வேண்டும் என்கிறார்களே, மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அதற்கும் சொன்னான். கேள்வி கேட்பவர் இவ்வளவு ஆர்வமாகக் கேட்டால் சிங்கப்பூர்க்காரன் எத்தனை நேரம்தான் தன் கட்சியை ஞாபகம் வைத்திருப்பான்? குறுக்கு வழி, எந்த வாசலில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், எங்கே தயிர் சாதம் கிடைக்கும் எல்லாம் வந்து கொட்டின. கல்லாவிலிருந்து மோகன்ராஜ் இருமினார், பெட்டியைத் தட்டினார், சத்தம் வர நாற்காலியை இழுத்தார். ஸ்டீபன் கவனிக்கவில்லை. அவன் எழுந்து போகும்போது திட்டம் சிக்கென்று இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானத்தில் ஒரு இடைவெளி விழுந்ததைக் கண்டுபிடித்து, அதில் ஒரு சீனக் கோயிலையும் வைத்துவிட்டுப் போனான்.

வாங்கிய கையுறையை மறந்துவிட்டதாக அவன் திரும்பி வந்தபோது மோகன்ராஜ் அவனை ஒரு பார்வை பார்த்தார். ஸ்டீபன் கையுறையை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடியே போய்விட்டான்.

அதற்கு மேல்தான் பெரிய இடி. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்றாள் கல்பனா. முதல் நாள் அங்கே எத்தனை இடமோ, அத்தனை இடம் இங்கேயே பஸ்ஸிலும் ரயிலிலும் போய்ப் பார்த்தால் கால் தாங்குமா என்று தெரிந்துவிடும். வழியையும் அவளே யோசித்து வைத்திருந்தாள். ரயிலில் பொன்னேரி, பஸ்ஸில் பக்கத்திலிருக்கிற ஆரணி (பட்டுப்புடவை ஆரணி அல்ல), அங்கிருந்து பெரியபாளையம், அப்புறம் திருவள்ளூர், மறுபடி ரயில் பிடித்துக் கடம்பத்தூர்.

கடம்பத்தூரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"ஸ்டேஷன் இருக்குது. மியூசியத்துக்கு பதிலா வெச்சிக்கலாம்."

இது கடைசிக் கட்டம் என்று மோகன்ராஜுக்குப் பட்டது. ஒத்திகையில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டு, முடியாது என்று அவர் வாயால் சொல்லவைக்கப் போகிறாள். சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினார்.

ஞாயிறு காலை லோக்கல் ரயில் வந்து நின்றதும் கல்பனா பழக்கத்தில் லேடீஸ் பெட்டிக்கு ஓடினாள். மோகன்ராஜ் அடுத்த பெட்டியில், யாரோ ஒருவருடைய மீன்கூடைக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டு பொன்னேரி வரை போனார். பொன்னேரியில் இறங்கியதும் அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால். மார்க்கெட்டில் அப்பாவின் பழைய மண்டி இருந்த இடத்தில் செல்போன் கடை வந்திருந்தது. பார்த்தாச்சு என்றாள், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். ஆரணி போகிற டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இடது பக்கம் இடம் இருந்தது. ஆண்கள் பக்கம் நிறைந்திருந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து பார்த்தால் தெரிந்தது வழக்கம்போல் அவள் முதுகுதான்.

ஆரணியில் பாலத்து மேல் நின்று ஆற்றைப் பார்த்தார்கள். தண்ணீர் இருந்த இடத்தில் தண்ணீரையும் இல்லாத இடத்தில் மணலையும் பார்த்தார்கள். ஆறு ஆச்சு என்றாள் கல்பனா. அவள் கொஞ்சம் விந்தி நடப்பதை மோகன்ராஜ் கவனித்தார். கேட்டதற்கு, ஷூ புதுசு என்று சொல்லிவிட்டாள்.

பெரியபாளையம் பஸ் காலியாக நின்றிருந்தது. கல்பனா இடது பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். மோகன்ராஜ் சுற்றிலும் பார்த்தார். பஸ்ஸில் ஆளில்லை. கண்டக்டர் வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல்கள். காற்று நேராக முகத்தில் அடித்தது. கல்பனா வெளியே கையைக் காட்டி, அங்கே பாருங்கள், அந்தக் கொக்கு மாட்டு மேலேயே தூங்குகிறது என்றாள். அவர் பார்த்தார். கொக்கு தூங்கத்தான் செய்தது. அப்புறம் அவள் அவர் தோளில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டாள். மோகன்ராஜ் இப்படியே பெரியபாளையம் வராமல் போனால் என்ன என்று நினைத்தார்.

இரண்டாவது நிறுத்தத்திலேயே பஸ் அநேகமாக நிரம்பிவிட்டது. கீரைக்கூடையோடு ஏறிய ஒரு அம்மா நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எய்ந்திரு நைனா. லேடீஸ் சீட்டு."

"இது எங்க ஊட்டுக்காரம்மா," என்றார் மோகன்ராஜ்.

"ஊட்டுக்காரம்மா ஊட்ல. இது பஸ்சு."

கண்டக்டர் சிரித்தார். மோகன்ராஜ் தனக்குத் தெரிந்த ஒரே வழியான பேரத்தில் இறங்கினார். அடுத்த ஊர் வரைக்கும் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். அந்த அம்மா முடியாது என்றாள். கூடையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றார். கூடைக்கு ஒன்றும் கால் வலிக்கவில்லை என்றாள். இவள் விலையில் ஒரு பைசா இறங்குகிறவள் அல்ல என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றார்.

கல்பனா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். ஒருமுறை கடையில் தீப்பிடித்தபோதுகூட அவர் முகம் அப்படி வாடவில்லை. அவளும் எழுந்தாள். கீரைக்காரம்மா தனக்கு ஜன்னலும், கூடைக்கு ஒரு சீட்டும் கிடைத்த திருப்தியில் கால் நீட்டிக்கொண்டாள். இருவரும் பின்னால் போய், கடைசி நீளச் சீட்டின் மூலையில் உட்கார்ந்தார்கள். சக்கரமும் சாலையும் சேர்ந்து தூக்கிப் போடுகிற இடம் என்பதால் அது மட்டும் காலியாக இருந்தது.

"ஒரு சீட்டு போனதுக்கா மூஞ்சி இப்டி போவுது?" என்றாள் கல்பனா.

மோகன்ராஜ் பழக்கப்படி ஏதோ பெரிதாகச் சொல்ல வாயைத் திறந்தார். வேகத்தடையில் பஸ் ஒரு குதி குதித்து இறங்கியது.

"கல்பனா, அந்த லிஸ்ட்டுல எனக்கு ஒண்ணும் வாணாம். மாடி பஸ்ல மேல முன்சீட்டு இருக்குது பாரு, ரெண்டு பேர் சீட்டு. அதுல உன் பக்கத்துல உக்காந்துக்கினு ஒரு பகல் பூரா சும்மா போவணும். எனக்கு அவ்ளோதான் வேணும்."

சொல்லிவிட்டு, முன்சீட்டுக்காரனின் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொருளின் அசல் விலையை வாங்குகிறவரிடம் அவர் சொன்னது அதுவரை நடந்ததில்லை.

"அப்ப அந்த மியூசியம்?"

"அதுல இன்னா இருக்குதுன்னே எனக்குத் தெரியாது."

கல்பனா குனிந்து ஷூவைக் கழற்றினாள். குதிகாலில் ஒரு கொப்புளம், காசு அகலத்துக்கு.

"நீங்க எனக்கு இது வேணும்னு எதையும் கேட்டதே இல்ல," என்றாள். "மொத தடவ இவ்ளோ கேக்குறாரே, இதுலயும் போயி இன்னாத்துக்கு பேரம் பேசணும்னு உட்டுட்டேன். காலு தாங்கலன்னா உங்களுக்குத்தான கெட்டுப்போவும்னு டெய்லி நடந்துக்கினு வேற இருந்தேன்."

மோகன்ராஜ் கொப்புளத்தைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். கடையில் தன் வாயால் அந்த ஷூவைப் பற்றி, பஞ்சு மாதிரி இருக்கும், கடிக்கவே கடிக்காது என்று எத்தனை பேரிடம் சத்தியம் செய்திருப்பார் என்று நினைவுக்கு வந்தது. ஒரு மனுஷி சரி என்று சொன்னால் அது வெறும் சரியாகவும் இருக்கலாம் என்று ஏன் ஒருநாளும் தோன்றவில்லை என்று தெரியவில்லை. கர்ச்சீப்பை மடித்து அவள் குதிகாலுக்கும் ஷூவுக்கும் நடுவில் வைத்தார். அவள் பிடுங்கித் தானே வைத்துக்கொண்டாள்.

"இப்ப அசலு தெரிஞ்சிபோச்சு," என்றாள் கல்பனா, குரலில் பொன்னேரி மண்டி ஏறியிருந்தது. "இப்ப பேசலாம். எவ்ளோ கேட்டீங்க?"

"ஒரு பகலு." பாதியாக்கப் போகிறாள் என்று தெரியும். அரைப் பகலுக்கு ஒத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"ஒரு பகலெல்லாம் கட்டாது. நாலு பகலும்."

வாங்குகிறவர் விலையை ஏற்றுவதை மோகன்ராஜ் அன்றுதான் பார்த்தார். அதற்கு எதிர்விலை என்ன சொல்வது என்று அவருக்குச் சொல்லித்தந்தவர் யாரும் இல்லை. அவளே மேலே போனாள். தினம் ஒரு பஸ். புறப்படுகிற இடத்திலேயே போய் ஏறிவிட வேண்டும், அப்போதுதான் அந்தச் சீட்டு கிடைக்கும். பசித்தால் இறங்குவது, பிடித்தால் இறங்குவது, இல்லாவிட்டால் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவது. ரயிலுக்கு ஓடக் கூடாது. ஒன்று போனால் இன்னொன்று வரும். சிங்கச் சிலையை மட்டும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், பார்த்துவிட்டு வருவதாகத் தன் தங்கச்சியிடம் சொல்லிவைத்துவிட்டாள். ஒரு சாயங்காலம் கடைத்தெரு.

"கடத்தெருவுக்கு நான் வரணுமா?"

"பின்ன பேரம் யார் பேசுறது?"

பெரியபாளையம் வந்தது. கூடைகளும் குழந்தைகளும் மஞ்சள் புடவைகளும் முண்டியடித்து இறங்கின. கீரைக்காரம்மா இறங்கும்போது பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, அங்க உக்காந்துக்கினியா, அது உன் சீட்டு என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போனாள். எதிர்ப் பக்கத்தில் திருவள்ளூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தயாராக நின்றது. திட்டப்படி ஓடிப்போய் அதைப் பிடிக்க வேண்டும். மோகன்ராஜ் எழுந்திருக்கப் பார்த்தார்.

"அது போவட்டும்," என்றாள் கல்பனா. ஜன்னல் வழியே கோயில் பக்கம் திரும்பி அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்தாள்.

கண்டக்டர் வந்து, கோயிலுக்கு எறங்கலியா என்று கேட்டார். இந்த வண்டி எப்போது திரும்பும் என்று கேட்டார் மோகன்ராஜ். டீ குடித்ததும் எடுப்போம் என்றார் கண்டக்டர்.

"அப்ப ஆரணிக்கு ஒண்ணு குடுங்க. அவங்களுக்கு லேடீஸ் டிக்கெட்."

"இப்பத்தான அங்கருந்து வந்தீங்க. எதனா மறந்துட்டு வந்துட்டீங்களா?"

கல்பனாதான் சொன்னாள், சிங்கப்பூர் போகிறோம் என்று. கண்டக்டர் இரண்டு பேரையும் ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

திரும்புகிற பஸ்ஸில் வேண்டுதல் முடித்த குடும்பம் ஒன்று மொத்தமாக ஏறியது. மொட்டைத் தலைகளில் சந்தனம் வழிந்தது. பின்சீட்டில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஓரத்தில் இடம் கிடைக்காத ஒருவர், கொஞ்சம் தள்ளி அந்தம்மா பக்கம் ஒட்டி உக்காரு ணா என்று மோகன்ராஜைக் கேட்டார்.

மோகன்ராஜ் உடனே தள்ளி உட்கார்ந்தார்.